முதலில் யார் வைப்பது

பெங்களூரில், லிங்கராஜபுரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி வலையமைப்பு நடத்துகிறேன். எங்கள் துறைத்தலைவர் அந்தப் பாடத்தை நோட்ஸ் சொல்லியே கரை சேர்த்தவர். நானோ பிள்ளைகளை பைத்தானில் நாலு வரி எழுதவிட்டு நடத்துகிறேன். அவருக்கு அது விளையாட்டாகப் பட்டது.

"வெள்ளிக்கெழம வந்து பாக்கறேன் மேடம். சரியா வரலேன்னா லேப் கட், நோட்ஸ்தான்."

நோட்ஸ் சொல்வதற்குப் பதில், மாலை நெரிசலில் சிவாஜிநகர் வரை பேருந்தில் நின்றே போய்விடலாம்.

அந்த வாரப் பயிற்சி எளிது. இரண்டு கணினிகள் போனில் பேசுவதுபோல் பேச வேண்டும். எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்ற விதிகளைப் பிள்ளைகளே வகுக்க வேண்டும். ஒரு பக்கத்தை வாயாடிப் பையன் ஒருவன் எழுதினான். மறுபக்கத்தை மர்பி டவுனிலிருந்து வரும் பெண் எழுதினாள். வகுப்பில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பையன் நிரலை ஓடவிட்டான். "ஊட்டா ஆய்தா?" என்று கன்னடத்தில் கேட்டது ஒரு கணினி. "ஆய்து" என்றது மற்றது. இந்த ஊரில் சாப்பாட்டை விசாரிக்காமல் என்ன பேச்சு? பிறகு செய்தியும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. துறைத்தலைவர் தலையைக்கூட ஆட்டினார்.

அப்புறம்தான் வந்தது வினை.

"வெக்கட்டா?"

"நீ வை."

"இல்ல, மொதல்ல நீ வை."

"பரவால்ல, நீயே வை."

திரை நிரம்பி ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டில் போன் வைக்கிற மரியாதையை இரண்டு பேரும் அப்படியே எழுதியிருந்தார்கள். எதிராளி வைத்த பிறகே நான் வைப்பேன் என்பது இருவருடைய விதியும்.

"என்ன மேடம் இது, கூத்தா?" என்றார் துறைத்தலைவர்.

லேப் போயே போச்சு என்று நினைத்தேன். அழுகை முட்டியது. இவர் முன்னால் அழுவேனா என்ற வீம்பு அதைத் தடுத்தது.

"போன் பண்ணவங்கதான் சார் வெக்கணும்" என்றான் பையன், ஏதோ சட்டம் படித்தவன்போல.

"அதெப்படி?" என்றார் துறைத்தலைவர். "பெரியவங்கதான் மொதல்ல வெக்கணும். என் மச்சினன் பட்டுனு வெச்சிடுவான், மரியாத கெட்டவன்!"

வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. அந்தச் சத்தத்தில்தான் மர்பி டவுன் பெண் எழுந்தாள்.

"யார் மொதல்லன்றது இல்ல சார். நான் சொல்ல வேண்டியத சொல்லிட்டேன்னு ஒருத்தர் சொல்லணும். மத்தவங்க அவங்க மேட்டர முடிச்சிட்டு, நானும் சொல்லிட்டேன்னு சொல்லணும். அப்புறம் வெச்சிட வேண்டியதுதான்."

கணினிகள் தங்கள் இணைப்பை முடித்துக்கொள்ளும் விதி ஏறக்குறைய அதுவேதான். நான் இன்னும் நடத்தாத பாடம் அது.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது எந்த நோட்ஸ்லம்மா இருக்கு?"

"நோட்ஸ்ல இல்ல சார். இப்பதான் தோணிச்சு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறைக்கவும் முயலவில்லை.

அவர் எழுந்து கதவு வரை போனார். அங்கிருந்து திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"லேப் இருக்கட்டும் மேடம். மொதல்ல அதுங்கள வெக்கச் சொல்லுங்க, பாவம்."