தவறிப்போன பெட்டி

விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரை எல்லோரும் 'மெதுவா' என்றுதான் கூப்பிட்டார்கள். பாரம் தூக்கும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். துணி மூட்டைக்கும் அதே வார்த்தை, மெஷின் பாகத்துக்கும் அதே வார்த்தை. கொட்டகையின் பின்கோடியில் ஒரு குளிர் அறை இருந்தது. வெளிநாட்டில் இறந்தவர்களின் பெட்டிகள் அங்கேதான் வந்து சேரும். மற்ற ஓட்டுநர்கள் அந்தப் பக்கம் போகாமலிருக்க முதுகுவலி, தலைவலி என்று சாக்குச் சொல்வார்கள். இவர் சொன்னதில்லை.

அந்த வாசலில் அவர் எத்தனையோ விதமான துக்கத்தைப் பார்த்துவிட்டார். ஒரு கூட்டத்தார் பெட்டி தரையில் படவே கூடாது என்பார்கள். வண்டி வரும்வரை தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தபடியே நிற்பார்கள். இன்னொரு கூட்டத்தில் ஆண்கள் வாய் திறக்கமாட்டார்கள், சட்டை ஓரத்தை மட்டும் கிழித்துக்கொள்வார்கள். சிலர் பாடுவார்கள். சிலர் செத்தவர் செய்த கூத்தையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்து, ஏதோ ஒரு இடத்தில் உடைந்துபோவார்கள். ஒருமுறை ஒரு தகப்பன், மகனின் பெட்டியை வேனில் ஏற்றியதும் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப கேட்டைத் தாண்டுறோம்டா, இப்ப இடது பக்கம் திரும்புறோம்" என்று வழி சொல்லிக்கொண்டே போனார். உயிர் பின்னாலேயே வருமாம். வழி தெரியாமல் எங்கேயாவது நின்றுவிடக் கூடாதாம்.

மெதுவா எல்லாவற்றையும் பார்ப்பார், சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார், சாப்பிட உட்காருவார். "உனக்குக் கல்லு நெஞ்சுப்பா" என்று சூப்பர்வைசர் சொன்னால், "நெஞ்சு இல்ல சார், பசி" என்பார்.

அடைமழைக் காலத்தில் ஒரு நாள், ஒரே விமானத்தில் இரண்டு பெட்டிகள் வந்தன. அளவும் ஒன்று, மரமும் ஒன்று. நனைந்த பெயர்ச் சீட்டுகள் கழன்று விழ, யாரோ எடுத்து ஒட்டினார்கள். ஒரு பெட்டிக்காக வாசலில் ஒரு குடும்பமே காத்திருந்தது. மற்றதற்கு யாரும் வரவில்லை. கொடுத்திருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. காத்திருந்தவர்கள் அழுதுகொண்டே தங்கள் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். மெதுவாதான் வேனில் ஏற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. சூப்பர்வைசர் எடுத்தார். கடைசியில் வெளியே வந்து, "திறந்து பார்த்திருக்காங்க. அவங்க ஆளு இல்லையாம்" என்றார்.

சரியான பெட்டியோடு மெதுவாவையும் அனுப்பினார்கள். அடிதடிக்குத் தயாராகத்தான் அவர் போனார். தெரு நெடுக நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. செத்தவரின் அண்ணன் மட்டும் கூடத்தைக் கை காட்டி, "அதை எடுத்துடுங்க" என்றார்.

பெட்டி கூடத்தின் நடுவில் இருந்தது. முன்தினம் மாலையிலிருந்து அதன்மேல் விழுந்து அழுதிருக்கிறார்கள். மாமன் வந்து சேரட்டும், அப்புறம் திறக்கலாம் என்று வைத்திருந்தார்களாம். மூடியில் கன்னம் வைத்த தடங்கள் காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தன. தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது ஒரு கிழவி பழக்கதோஷத்தில் குரலெடுத்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். குழாயடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முகத்தைப் பார்த்ததுமே செத்தவரின் மனைவி என்று தெரிந்தது.

"அண்ணே, அந்தப் பெட்டியில இருக்குறவரு யாரு?"

"தெரியலம்மா. யாரும் தேடி வரல."

"பேரு?"

"ஏதோ ஒரு பேரு போட்டிருக்கு. சொந்தக்காரங்க யாருன்னு தெரியல."

அவள் குழாயைத் திறந்தாள், மூடினாள். "எல்லாரும் அசந்து தூங்கினப்புறம் நான் மட்டும் பக்கத்துல உக்காந்திருந்தேன். எங்க வீட்டுக்காரரு இருக்குற வரைக்கும் சொல்லாததை எல்லாம் சொன்னேன். நீங்க வெளிநாட்டுல இருந்த வருஷம்தான் நான் நிம்மதியா இருந்தேன்னு சொன்னேன். இன்னும் என்னென்னமோ." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப நிஜமாவே அவரைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க. எனக்கு வார்த்தையும் வரல, அழுகையும் வரல. எல்லாத்தையும் அந்த ஆளு வாங்கிட்டுப் போயிட்டாரு."

"மன்னிச்சுக்கம்மா" என்றார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

கொட்டகைக்குத் திரும்பிப் பெட்டியை இறக்கும்போது ஃபோர்க்லிஃப்ட் திணறியது. முந்தின நாளைவிடப் பெட்டி கனத்துவிட்டது போலிருந்தது. அப்படி ஆக முடியாது என்று அவருக்குத் தெரியும். மரம் ஈரம் குடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மூடியைத் துடைக்கத் துணியை எடுத்தவர், அந்தத் தடங்களைப் பார்த்துவிட்டுத் துணியைத் திரும்பப் பையிலேயே வைத்தார். அன்று மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

அதன் பிறகு குளிர் அறைப் பக்கம் போனாலே உள்ளே ஒருவர் விழித்துக்கொண்டு இருப்பது போலப் பட்டது. வேறொருத்தியின் ரகசியத்தை வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் படுத்திருக்கும் ஒருவர். கதவைச் சாத்தினாலும் முதுகில் அது ஒட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கும் வந்தது. ஒரு மாலை மாடிப்படி ஏறும்போது, உள்ளே மனைவி ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. குரல் லேசாக, சின்னப் பெண்ணுடையது போல இருந்தது. இவர் சாவியைத் திருப்பியதும் பாட்டு நின்றது. மறுநாளும் அப்படியே. மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். எத்தனை வருஷமாக இது நடக்கிறது என்று யோசித்துக்கொண்டு அவர் படியிலேயே நின்றார்.

"நான் வந்ததும் ஏன் பாட்டை நிறுத்திட்ட?"

"நான் எங்க பாடினேன்? காது அடைச்சிருக்கு உங்களுக்கு. ஃபோர்க்லிஃப்ட் சத்தம்."

நான் செத்தால் இவளுக்குப் பாட்டு நிற்காது என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

கடைசிவரை யாரும் வராததால் நகராட்சிதான் அந்த மனிதரை அடக்கம் செய்தது. ஒப்படைக்கப் போன மெதுவா, இடுகாட்டு வாசலில் அந்தப் பெண் நிற்பதைக் கண்டார். ஆபீசுக்குப் போன் போட்டு விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எந்த முறையில பண்ணணும்?" என்று குழி வெட்டியவர் கேட்டார்.

பேரை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியவில்லை. தான் பார்த்த துக்கங்களையெல்லாம் மெதுவா மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். எதுவும் அந்த மனிதருடையது என்று சொல்ல முடியவில்லை. பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது "மெதுவா, மெதுவா" என்றார். அது ஒன்றுதான் வந்தது.

மண் தள்ளுவதற்கு முன் அவள் குழியோரம் குந்தி, குனிந்து ஏதோ பேசினாள். காதில் விழக் கூடாதென்று இவர் தள்ளிப் போய் நின்றார். திரும்பி வரும்போது அவளாகவே சொன்னாள்.

"அங்க எங்க வீட்டுக்காரரைப் பாத்தா, நான் சொன்னதைச் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

"சொல்லமாட்டாரும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிப் போனாள். அப்புறம் அவளை அவர் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு வீட்டில், மாலை மங்கும் நேரத்தில், மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவர் எல்லாவற்றையும் சொன்னார். குளிர் அறையைப் பற்றி வீட்டில் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

"பாவம் அந்தப் பொண்ணு" என்றாள் கடைசியில். ஒரு போர்வையை உதறி மடித்தபடி, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "பெட்டிக்குள்ள இருக்கறது நான்னா, நீங்க என்ன பேசுவீங்க?"

அவர் வாயைத் திறந்தார். இத்தனை நாளும் அவள் என்ன சொல்வாள் என்றுதான் பயந்துகொண்டிருந்தார். தான் என்ன சொல்வோம் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. வாடகை, மருந்து, மகளின் கல்யாணம், முட்டிவலி எல்லாம் பேசித் தீர்ந்தவை. அதற்கும் அடியில் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? துழாவிப் பார்த்தார். எதுவும் கையில் தட்டுப்படவில்லை.

"சரி, யோசிச்சுச் சொல்லுங்க" என்று துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அறை முழுக்க இருட்டிவிட்டது. எழுந்து விளக்கைப் போட அவருக்குத் தோன்றவில்லை. உள்ளேயிருந்து ஏதோ ஒரு குரல், "என்ன, யோசிச்சீங்களா?" என்று அவரைக் கேட்டது. அது அவளுடைய குரல்தானா, குளிர் அறையில் படுத்திருந்தவருடையதா என்று ஒரு கணம் அவருக்குப் பிடிபடவில்லை.