பன்னிரண்டு விரல் தடி

என் மாமாவுக்கு வானசாஸ்திரம் தெரியாது. இதை முதலே சொல்லிவிடுகிறேன். கலியாணவீடு, செத்தவீடு என்று ஆட்கள் கூடுகிற இடங்களில் அவரைப் பெரிய சாஸ்திரி ஆக்கிக் கதைக்கிற பழக்கம் இப்போது எங்கள் குடும்பத்தில் வந்திருக்கிறது. கேட்க எரிச்சலாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் கணிக்கிற ஐயர் ஒருவரின் பக்கத்து வீட்டில் அவர் வளர்ந்தார், அவ்வளவுதான். வேலிக்கு மேலால் பார்த்ததில் ஒரே ஒரு சாமான் அவர் மனதில் நின்றது. அது ஐயர் முற்றத்தில் நட்டிருந்த சங்கு. ஊதுகிற சங்கு இல்லை, பன்னிரண்டு விரல் உயரத்தில் நேராக நிற்கிற ஒரு தடி. பழைய காலத்துக் கணக்கர்கள் அந்தத் தடியின் நிழலை வைத்தே திசையையும் நேரத்தையும், ஒரு ஊர் பூமியில் எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார்களாம்.

மாமா அம்மாவின் தம்பி. இத்தாலியில், பலெர்மோவில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் அல்பெர்கேரியா ஒழுங்கையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தபோது பெர்மெஸ்ஸோ இல்லை. இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அது. அது இல்லாதவரைத் தெருவில் பிடித்தால் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குக் கொண்டுபோவார்கள், பிறகு சண்டை நடக்கிற ஊருக்கே திருப்பி ஏற்றுவார்கள். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிந்த விளக்கம். நாலாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அம்மா சொன்ன விளக்கம் வேறு. மாமாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம், அதனால்தான் வெளியே வருவதில்லையாம். அந்த வெயில் ஒத்துக்கொள்ளாத மனிதர் நாள் தவறாமல் உச்சிவெயிலில் மொட்டைமாடியில் நின்றார். நான் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் காலையிலேயே சிஞ்ஞோராச் சீமாட்டிகளின் வீடுகளைத் துடைக்கப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியிருந்தது. என்னை மாமாவின் பொறுப்பில் விட்டிருப்பதாக அம்மா மற்றவர்களுக்குச் சொல்லுவாள். உண்மையில் மாமாதான் என் பொறுப்பில் இருந்தார். கடைக்குப் போய்ப் பாண் வாங்குவது நான். கதவைத் தட்டினால் திறப்பது நான். வீட்டில் பெரியாட்கள் ஒருவரும் இல்லை என்று சொல்வதும் நான்.

தடி வந்த கதை இதுதான். பிள்ளையார் படத்தைக் கிழக்குப் பார்க்க மாட்டவேண்டும் என்று அம்மா சொன்னாள். எங்கள் ஒழுங்கைக்குள் வெயிலே இறங்காது. கிழக்கு எது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா உடனே அப்பாவின் நிலம் துடைக்கிற தடியை முறித்து, தன் விரல்களை அடுக்கி அடுக்கிப் பன்னிரண்டு விரல் அளந்து வெட்டினார்.

"உனக்கு முறிக்க வேறை தடி கிடைக்கேல்லையோ?" என்றார் அப்பா.

"இது நேரான தடி அத்தான்."

"நேராத்தான் இருந்தது. இப்ப கட்டையா இருக்கு."

மொட்டைமாடியில் கரியால் வட்டம் கீறி நடுவில் தடியை நிறுத்தினார் மாமா. காலையில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு புள்ளி, பின்னேரம் அது வட்டத்தை விட்டு வெளியேறுகிற இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் தொடுத்தால் மேற்கும் கிழக்கும். முதல் நாள் பின்னேரப் புள்ளியின் நேரத்தில் நித்திரையாகிப் போனார். அடுத்த நாள் சரிவந்தது. அந்தக் கோட்டின்படி பிள்ளையார் கிழக்குப் பார்க்கவேண்டுமென்றால் கக்கூஸ் கதவுக்கு மேல்தான் அவரை மாட்டவேண்டும்.

"ஆயிரம் வருசச் சாஸ்திரம் பிள்ளையாரைக் கக்கூசுக்கு அனுப்புது," என்று அப்பா சிரித்தார். அம்மா படத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் மாட்டினாள். அது எந்தத் திசை என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

தடியின் வேலை அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் மாமா தினமும் மாடிக்கு ஏறினார். கிழக்கு மேற்குக் கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு கீறி, அதில் நிழல் வந்து விழுகிற கணம்தான் உண்மையான மத்தியானம் என்றார். மணிக்கூட்டில் அப்போது ஒன்று தாண்டியிருக்கும். கோடைக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைக்கிற நாடு இது. எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஒரு மணிக்கு பலெர்மோ முழுக்கச் சாப்பாட்டு மேசையில் இருக்கும். மாடிக்கு யாரும் வரமாட்டார்கள்.

யாரும் என்றால் முக்கியமாக வீட்டுக்காரி. எங்களுக்கு மேல்தட்டில் தனியாக இருந்த கிழவி. வீட்டை வாடகைக்கு எடுத்தபோது மூன்று பேர் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தோம்.

"மனிசி உன்னைக் கண்டால் முதல் நாங்கள் றோட்டிலை, பிறகு நீ பிளேனிலை," என்று அப்பா மாமாவிடம் சொல்லியிருந்தார்.

எனக்கு அந்தக் கோடையில் ஒரே ஒரு கவலை, கடல். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போய்க் கறுத்துப்போய் வந்தார்கள். அப்பா அம்மாவுக்கு நேரமில்லை. பேருந்தில் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஒரே ஆள் சும்மா வீட்டில் இருந்தார்.

"எப்ப மாமா கடலுக்குப் போவம்?"

மாமா நிழலின் நுனியில் கரியால் ஒரு புள்ளி வைத்தார். "மத்தியானத்திலை இந்தத் தடிக்கு நிழலே இல்லாமல் போகும் பார். அண்டைக்குப் போவம் பிள்ளை."

அம்மாவிடம் கேட்டேன், அப்படி ஒரு நாள் வருமா என்று. வரும் என்றாள். யாழ்ப்பாணத்தில் சித்திரை மாதம் உச்சிவெயிலில் நின்றால் நிழல் காலுக்குக் கீழேயே ஒளித்துவிடும் என்றாள். ஏன் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை, சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நீச்சலுடையையும் துவாயையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். ஒவ்வொரு மத்தியானமும் நிழலை என் விரல்களால் அளந்தேன். அது சுருங்கிக்கொண்டே வந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் கிழவியின் கூண்டுக் குருவி செத்தது. மத்தியானம், நிழல் கோட்டைத் தொடப்போகிற நேரம், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேசையில் இருக்கவேண்டிய கிழவி ஈரத்துணிக் கூடையோடு கதவில் நின்றாள். மாமா ஓட இடமில்லை. கையில் கரித்துண்டோடு அப்படியே நின்றார்.

கிழவி முதலில் மாமாவைப் பார்க்கவில்லை. வட்டத்தைப் பார்த்தாள். நடுவில் தடி, சுற்றிக் கரிப்புள்ளிகள், மாமா எழுதிய தமிழ் எழுத்துகள். கூடையை இறக்கிவைத்துச் சிலுவை போட்டாள். ஃபத்தூரா, என்றாள். செய்வினை. என் குருவியைக் கொன்றது இதுதான், என்றாள். பிறகு மாமாவைக் காட்டி, இந்த ஆள் யார், எத்தனை நாளாக என் வீட்டில் இருக்கிறான், என் மருமகன் பொலிசில் இருக்கிறான், இப்பவே கூப்பிடுகிறேன், என்றாள்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"நீங்கள் குருவியைக் கொண்டுபோட்டியளாம். பொலிசைக் கூப்பிடப்போறாவாம்."

மாமாவின் முகம் எப்படிப் போனது என்று எனக்கு இப்போதும் தெரியும். "மணிக்கூடெண்டு சொல்லு பிள்ளை. கெதியாச் சொல்லு."

சொன்னேன். கிழவி நம்பவில்லை. மணிக்கூடென்றால் இப்ப என்ன நேரம் என்று கேட்டாள். நிழல் கோட்டில் விழுந்திருந்தது. "பன்னிரண்டு," என்றார் மாமா.  கீழே பாண் கடைக்காரன் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டிருந்தது, ஒரு மணி தாண்டிவிட்டது. இந்த மனிதர் என்னைப் பொய்க்காரி ஆக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேதான் பன்னிரண்டு என்று சொன்னேன்.

கிழவி ஏப்ரன் பைக்குள் கைவிட்டு ஒரு மணிக்கூட்டை எடுத்தாள். செத்துப்போன புருசனுடையது. பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடம். அதைத் தடிக்குப் பக்கத்தில் பிடித்து நிழலைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள். அரசாங்கம் சொல்லுகிற கோடை நேரத்தை அந்த வீட்டில் புருசனும் அவளும் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லையாம். பழைய நேரத்துக்கே சமைத்து, பழைய நேரத்துக்கே சாப்பிடுவாளாம். அவளுடைய சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. எங்கள் பாதுகாப்பான நேரத்தில் அவள் துணி காயப்போட வந்துவிட்டாள்; இத்தனை நாள் பிடிபடாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

"திருட்டுப் பயல்கள் ஒரு மணித்தியாலத்தைத் திருடுகிறார்கள்," என்று அரசாங்கத்தைத் திட்டினாள். "இந்தத் தடி திருடவில்லை." குரல் இறங்கிவிட்டது. குருவிக்கும் வயது போய்விட்டதாம்.

பிறகு மாமாவைச் சரியாகப் பார்த்தாள். வெள்ளை மனிதர்கள் வெளிறுவது போலவே அவரும் வெளிறியிருந்தார். இவனைக் கீழே ஒருநாளும் காணவில்லையே, ஏன் என்று என்னிடம் கேட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளாது என்றேன், வெயிலில் நின்றுகொண்டு. அடுத்த மாதம் இந்த ஊரைக் காக்கிற சாந்தா ரொசாலியாவின் தேர் வருகிறது, ஊரே இறங்கும், அதுக்காவது வரச்சொல்லு என்றாள்.

மாமா தடியைப் பார்த்தார். "இந்தத் தடிக்கு மத்தியானம் நிழல் இல்லாமல் போற அண்டைக்கு வாறன் எண்டு சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. அந்த நாள் கடலுக்கென்று எனக்குச் சொன்ன நாள். என்றாலும் சொல்லுக்குச் சொல் சரியாக இத்தாலியனில் சொன்னேன்.

 கிழவி பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து அந்த மாடியில் துணி காயப்போட்டவள்; நிழல் இல்லாத மத்தியானத்தை அங்கே ஒரு கோடையிலும் கண்டிருக்கமாட்டாள். வெயிலை நிமிர்ந்து பார்த்தாள், தடியின் அடியைப் பார்த்தாள்.

"இங்கேயா?" என்றாள்.

"ஓம், இஞ்சைதான்," என்றார் மாமா, நான் மொழிபெயர்க்கும் முன்பே.

கிழவி கூடையைத் தூக்கினாள். வட்டத்தை மிதிக்காமல் சுற்றிப்போய்த் துணிகளைக் கொடியில் போட்டாள். திரும்பிப் போகும்போது கதவில் நின்று, நான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று அவனிடம் சொல், என்றாள்.

"பொய் சொல்லுறா மாமா," என்றேன். "எல்லாத்தையும் வடிவாப் பாத்துப்போட்டு ஒண்டும் பாக்கேல்லையாம்."

"சொல்லட்டும்," என்றார். சுவரில் சாய்ந்து மெல்ல நிலத்தில் இருந்துகொண்டார்.

நான் அவரைக் கவனிக்கவில்லை. குனிந்து நிழலை அளந்தேன். பிறகு கீழே போய், நீச்சலுடை இன்னும் அளவாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். நிழலில் இன்னும் மூன்று விரல்தான் மிச்சம் இருந்தது.