சனிக்கிழமை பிடுங்கவிருந்த நான்கு பற்கள்

வாயை மூடினால் என் மேல்வரிசைப் பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய் உட்காரும். முன்னால் இருக்க வேண்டியது. அதன் உரசலில் கீழ்ப்பல் தேய்ந்துகொண்டிருந்தது. கம்பி போட வேண்டும் என்பது எனக்கே தெரியும். யாரிடம் வாயைத் திறப்பது என்பதுதான் தெரியவில்லை.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஆகவே பட்டியல் போட்டேன். இணையத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பல் மருத்துவமனைகளுக்கு வந்திருந்த பாராட்டுகள்: ஏசி நன்றாக இருந்தது, வண்டி நிறுத்த இடம் உண்டு, டாக்டர் சிரித்துப் பேசினார். பல் என்ன ஆனது என்று ஒருவரும் எழுதவில்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

மேனாம்பேட்டில், நான் நாற்காலியில் சரியாகச் சாய்வதற்குள் டாக்டர் பார்த்து முடித்துவிட்டார். "நெருக்கமா இருக்கும்மா. நாலு பல்ல எடுத்துட்டா எடம் கெடைச்சிடும்." நான்கும் சொத்தையில்லாத பற்கள். எக்ஸ்ரே கிடையாது. கோவில்பதாகையில் பிடுங்கவே வேண்டாம், பல்மேல் மாட்டும், கண்ணுக்குத் தெரியாத உறை போதும் என்றார்கள். "கல்யாண ஃபோட்டோல கூடத் தெரியாது மேடம்." கல்யாணம் என்ற சொல்லை நான் எடுக்கவேயில்லை. மாங்காட்டில் மறுபடி நான்கு பல். கூடவே ஆடிச் சலுகையாகப் பல்லை வெளுத்துத் தருவார்களாம். புடவைக் கடைக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் வெட்கம் உண்டு.

வீட்டுக்கு வந்து மூன்று முகவரி அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் கடைசி வரியில் ஒரே பெயர். கம்பி போடும் சிறப்பு மருத்துவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று இடத்துக்கும் சுற்றி வருகிறார். என் வாயை அவர் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காதவர் பெயரில் இத்தனை தீர்ப்புகள்.

மேனாம்பேட்டுக்கு ஃபோன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் எடுத்தாள்.

"அக்கா, உங்களுக்கு சனிக்கெழம பல்லு புடுங்க எழுதிகீது."

"கம்பி டாக்டர் ஞாயித்துக்கெழமதான வராரு? அவர் பாக்குறதுக்கு முன்னாடியே எடுத்துடுவீங்களா?"

"பின்ன? அவரு வந்தா டக்குனு கம்பிய மாட்டினு அடுத்த எடத்துக்குப் போய்க்கினே இருப்பாரு. எல்லாருக்கும் இப்டிதான்க்கா."

எல்லாருக்கும். அதை அவள் பெருமையாகச் சொன்னாள்.

சனிக்கிழமை நான் போகவில்லை. ஞாயிறு காலை போனேன். சிறப்பு மருத்துவர் ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு எக்ஸ்ரே கேட்டார். இல்லை என்றதும் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பி எடுத்து வரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு பல்லு உள்ள மாட்டியிருக்கு, அவ்ளோதான். எடம் இருக்கே. நாலு பல்ல எதுக்கு எடுக்கணும்?"

"நானும் அதத்தான் சார் நெனச்சேன்" என்றார் மேனாம்பேட்டு டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல். நான்கு என்று அவர் அன்று எழுதித் தந்த சீட்டு என் கைப்பையில் இருந்தது. எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வெளியே, ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகளும் காத்திருந்தார்கள். மகளின் கன்னம் வீங்கியிருந்தது.

"உனக்கும் நாலாம்மா?" என்றார் அந்த அம்மா. "இவளுக்கு நேத்து ரெண்டு எடுத்தாங்க. மீதி அடுத்த சனிக்கிழம."

"எனக்கு ஒண்ணும் எடுக்க வேணாமாம். எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

"எக்ஸ்ரேயா?"

உள்ளே டாக்டருக்குக் கேட்கும்படியே சொன்னேன்: "மீதி ரெண்டையும் தொட விடாதீங்க. கம்பி டாக்டர் உள்ளதான் இருக்காரு. மொதல்ல அவர்கிட்ட காட்டுங்க."