குப்பைக்காரி பிடித்த ஃபங்ஷன்

அலுவலகத்தில் அவளுக்குக் குப்பைக்காரி என்று பெயர். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. செய்கிற வேலை அதுதானே. அந்த நிறுவனம் சொந்தமாக ஒரு கணினி மொழி வைத்திருந்தது. அதில் எழுதிய புரோகிராம் ஓடும்போது, இனி யாருக்கும் வேண்டாம் என்று மெமரியில் கிடப்பதை அள்ளி இடத்தைக் காலி செய்யும் பகுதி அவள் எழுதியது. மாமியார் மட்டும் அக்கம்பக்கத்தில், "மருமக கம்ப்யூட்டர்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒரு நாள் நாடக அரங்குகளுக்குச் சீட்டு விற்கும் புரோகிராம் ஒன்று, காலையில் ஒல்லியாகக் கிளம்பி, மத்தியானத்துக்குள் ஊதிப் பெருத்து, மெமரி போதாமல் விழுந்துவிட்டது. எதிர் மேசைக்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். எழுதிய புரோகிராமைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றும் கம்பைலரைப் பார்த்துக்கொள்பவர். இளநரை புண்ணியத்தில் எல்லோருக்கும் சித்தப்பா.

"என்னம்மா, உன் குப்பை வண்டி இன்னிக்கு வரலையா?"

"வண்டி வந்துச்சு சித்தப்பா. யாரோ குப்பையை விடமாட்டேங்கிறாங்க."

யார் என்று தேடினாள். மெமரி முழுக்க அரங்கின் இருக்கை வரைபடங்கள். ஒவ்வொரு சீட்டு விற்கும்போதும் புதிதாக ஒன்று. பழையதை யார் பிடித்து வைத்திருப்பது? பின்னோக்கிப் போனால், ஒரு குட்டி ஃபங்ஷன், அதாவது ஒரே ஒரு வேலைக்கான சின்னக் கட்டளைத் தொகுப்பு. அந்த மொழியில் ஃபங்ஷனும் எண்ணைப் போல ஒரு பொருள்தான். எடுத்து வைத்துப் பிறகு கூப்பிடலாம். மெமரியில் அது ஒரு சின்னப் பெட்டி. முதல் அறையில், ஓட வேண்டிய கட்டளைகள் எங்கே இருக்கின்றன என்ற முகவரி. அடுத்த அறைகளில், அது வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட மதிப்புகள். ஒவ்வொரு சீட்டோடும் பிறக்கும் இந்தக் குட்டிக்கு வேலை, நாடகம் முடியும்வரை காத்திருந்து, வாங்கியவருக்கு நன்றி மெயில் அனுப்புவது. தேவை அரங்கின் பெயரும் வாங்கியவரின் மெயில் விலாசமும்தான். ஆனால் பிறந்த இடத்தில் கைக்கு எட்டியதையெல்லாம் கம்பைலர் அதன் பெட்டியோடு கட்டி அனுப்பியிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு வரிக்காக மொத்த அரங்கத்தையும் இடுப்புல தூக்கிட்டுத் திரியுது சித்தப்பா."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். பிறகு அவரும் குலுங்க ஆரம்பித்தார்.

ஃபங்ஷன் உண்மையிலேயே பயன்படுத்துவதை மட்டும் பெட்டியில் போடும்படி கம்பைலரை மாற்றினார்கள். முதல் ஓட்டத்திலேயே தடால். தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷன் ஒன்று குறுக்கே நின்றது. அதன் பெட்டிக்குள் அதன் முகவரியே வேண்டும். பெட்டியோ இன்னும் செய்து முடியவில்லை.

"காலிப் பெட்டியை முதல்ல வச்சிடுவோம்," என்றாள் அவள். "வச்ச இடம் தெரிஞ்சுடும்ல? அப்புறம் அதை உள்ளே எழுதிக்கலாம்."

"தன் வீட்டு விலாசத்தைத் தானே பாக்கெட்டுல வச்சுக்கிற மாதிரியா?"

"அதேதான்."

மறுபடி ஓட்டினார்கள். திரையில் மெமரிக் கோடு கொஞ்சம் ஏறியது, இறங்கியது, பிறகு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. அவள் சித்தப்பாவை நாற்காலியோடு பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கண்ணாடி அறைக்குள் விருந்தாளிகளோடு இருந்த மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை சார். அதுதான் விஷயம்."

வீடு திரும்பும் பஸ்ஸில் கணவனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அவள் சிரிக்கச் சிரிக்க அவனுக்கும் தொற்றிக்கொண்டது. பக்கத்து சீட் அம்மா மெல்ல ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது. அடுத்ததில் இறங்கி, போனைக் காதில் வைத்தபடியே, சிரித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.