சங்கரலிங்கம் அத்தானும் ஒரு சின்னக் குழாயும்

செய்தி வந்தபோது நான் ஹைதராபாத் பேகம்பேட் அலுவலகத்தில் வடை தின்றுகொண்டிருந்தேன். அழைத்தது என் அக்கா மகள் திவ்யா. அவளுக்குத் தமிழ் புரியும். பேச வருவது ஆங்கிலமும் தெலுங்கும்தான். "மாமா, டாடி இஸ் நோ மோர்" என்றாள். பிறகு, "ஹார்ட்தான் மாமா லாஸ்ட்ல நின்னது" என்று சிரமப்பட்டுத் தமிழில் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு மிச்ச வடையைத் தின்று முடித்தேன். அத்தான் உயிரோடு இருந்தவரை அவர் நினைவு வராமல் நான் ஒரு வடை தின்றதில்லை. அன்றும் அப்படித்தான்.

மறுநாள் நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். "சார், உங்க அத்தான். சங்க மலர்ல அஞ்சலி நீங்கதான் எழுதணும். நல்லதா நாலு வார்த்தை போதும்" என்றார். அந்த நாலு வார்த்தைகளை முதலில் எழுதிவிடுகிறேன். நேர்மையானவர். குடிக்காதவர். புகைக்காதவர். நேரம் தவறாதவர். நாலு ஆயிற்று. இனி அவரைப் பற்றி எழுதலாம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரலிங்கம் அவர்கள் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் பம்புகளைச் சோதிக்கும் பிரிவில் சேர்ந்து, அதே பிரிவின் தலைவராக ஓய்வு பெற்றவர். நம் சங்கத்தில் ஆண்டுதோறும் இதயத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியவர். டாக்டர் அல்ல. ஆனால் அவரிடம் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. நம்மில் பலருக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததில்லை. அவருக்கும் தெரிந்ததில்லை.

என் அக்கா கோமதியைப் பெண் பார்க்கத் தென்காசிக்கு வந்த அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். தட்டில் இருந்த பஜ்ஜியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "மாமா, உங்க அப்பா எதுல போனாக?" என்று என் அப்பாவிடம் கேட்டார். நெஞ்சுவலியில் என்று அப்பா சொன்னதும் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவின் நாடியைப் பார்த்தார். என் நாடியைப் பார்த்து, "பய சிகரெட் குடிக்கானோ?" என்றார். நான் குடித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை அப்பாவிடம் அடி வாங்கினேன். "மாப்பிள்ளைக்கு என்ன அக்கறை பாத்தியா" என்று அடித்த கையோடு அப்பா அம்மாவிடம் பூரித்துப்போனார். சபையில் அவர் தொட முடியாத ஒரே கை அக்காவின் கை. அவளிடம் அவர் எதுவும் கேட்கவும் இல்லை. அந்த வழக்கத்தைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

படிப்பு முடிந்து வேலை தேடி ஹைதராபாத் வந்து, தொழிற்சாலை டவுன்ஷிப்பில் அவர்கள் குவார்ட்டர்ஸில் தங்கினேன். அந்த வீட்டில் உப்பு என்பது மருந்துபோல் அளந்து போடப்படும். எண்ணெய்க்குக் கரண்டி கிடையாது, ஸ்பூன்தான். அரிசி டிரம்முக்குப் பின்னால் அக்கா ஓர் ஊறுகாய் பாட்டிலை ஒளித்து வைத்திருந்தாள். "அவுக குளிக்கப் போறப்ப தொட்டுக்கடா தம்பி. வாயக் கொப்புளிச்சிரு, மோந்து பாப்பாக" என்பாள். சொல்லிவிட்டு அவளும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிச் சப்புவாள். என் அக்கா மகிழ்ச்சியாக இருந்த காட்சி என்று எனக்கு நினைவிருப்பது அதுதான்.

ஒருமுறை, குடும்பத்தாரைத் தொழிற்சாலைக்குள் அனுமதிக்கும் நாளில், சோதனைக்கூடத்துக்கு எங்களை அழைத்துப்போனார். மாட்டுவண்டி அளவு பெரிய பம்ப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தத்தைக் காட்டும் முள் ஆடாமல் நின்றது. "பாஸ்தான அத்தான்?" என்றேன்.

"இந்த முள்ளப் பாத்து ஏமாறாத மாப்ளே" என்றார். "இது பம்ப் வெளிய தள்ளுற தண்ணியோட அழுத்தம். பம்புக்கு உள்ள எப்படி இருக்குன்னு இதுக்குத் தெரியாது. சுத்துற தண்டத் தாங்குற பேரிங்குக்கு எண்ணெய் கொண்டுபோற சின்னக் குழாய் ஒண்ணு இருக்கு. அது அடச்சிக்கிட்டாலும் இந்த முள்ளு கடைசி நிமிசம் வரைக்கும் நல்லாத்தான் காட்டும். பொறவு பேரிங் ஒரே பிடியா இறுகிரும். பம்ப் செத்துரும்."

சொல்லிவிட்டுப் பம்பை நிறுத்தச் சொன்னார். பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தார். அந்தக் குழாயைக் கழற்றச் சொன்னார். உள்ளே மயிரிழைபோல் இரும்புச் சுருள் சிக்கியிருந்தது. முள்ளை நம்பாமல், சூட்டைத் தொட்டு, சத்தத்தைக் கேட்டு அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார். அன்று நான் அவரை மதித்தேன். அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

பிறகு அவர் ஊருக்கே வைத்தியரானார். கம்பெனி பஸ்ஸில் நின்று வருபவர்களைக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்வார். கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை, அதுதான் உடம்பின் இரண்டாவது பம்ப் என்பார். அது சரியான செய்திதான். அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை சரியானவை. அதனால்தான் அவரைச் சகிக்க முடியவில்லை. டவுன்ஷிப் வாசலில் மிர்ச்சி பஜ்ஜி போடுகிறவர், அத்தான் தலை தெரிந்ததும் வேலையாளிடம், "டாக்டர் சாப் ஆரைன், டக்கன் ரக்" என்று தட்டை மூடச் சொல்வார். "நக்கோ பாய், நக்கோ" என்று தடுத்து, அத்தான் வாடிக்கையாளர்களின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கித் திருப்பி வைத்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். துக்க வீட்டுக்குப் போனால் மாலையைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம், "கொலஸ்ட்ரால் எவ்வளவு இருந்திச்சு?" என்று கேட்பார். பிறகு கும்பலைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்பார். இந்த மலரைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டிலும் அப்படிக் கேட்டிருக்கிறார். உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் நான் கல்யாணமாகித் தனி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தேன். அன்று நடந்தவற்றை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவே எனக்குச் சொன்னாள். காலையில் காய் நறுக்கும்போது மேலெல்லாம் வேர்த்தது. தாடையில் ஒரு வலி, தோள்பட்டைகளுக்கு நடுவே பாரம் ஏற்றியதுபோல் ஓர் அழுத்தம், கைகால் ஓய்ந்துபோனது. அத்தானிடம் சொன்னாள். அவர் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை அவள் கையில் சுற்றி, காற்றடித்துப் பார்த்தார். "நார்மல். பம்ப் நல்லாருக்கு. வாய்வு. ஓமத்தண்ணி குடிச்சிட்டு ரெண்டு ரவுண்டு நடந்துட்டு வா" என்றார். அவள் நடந்தாள். நடந்து வந்து அவருக்கு உப்பில்லாமல் சமைத்தாள். மத்தியானம் வாந்தி எடுத்தாள். மறுபடியும் பட்டை, மறுபடியும் நார்மல். சாயங்காலம் அவள் மயங்கி விழுந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப்போனார்கள்.

காலையிலேயே ஏன் கொண்டுவரவில்லை என்று டாக்டர் கேட்டார். அழுத்தம் நார்மலாக இருந்தது என்று அத்தான் பதில் சொன்னார். மாரடைப்பிலும் அழுத்தம் நார்மலாக இருக்கலாம் என்றார் டாக்டர். இதயத்தின் அறைகளுக்குள் அத்தனை ரத்தம் ஓடினாலும் அதன் தசைக்குத் தேவையானதை அங்கிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. வெளிப்புறமாக ஓடும் மெல்லிய குழாய்கள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. அக்காவுக்கு அவற்றில் ஒன்று காலையிலேயே அடைத்துவிட்டது. பெண்களுக்குப் பல சமயம் நெஞ்சில் வலி வராது. பகல் முழுக்கத் தசை செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அவுகள ஒண்ணும் சொல்லிராத தம்பி. ரெண்டு தடவ பாத்தாக. மிசின்ல நல்லாத்தான் காட்டிச்சு. எனக்குத்தான் சொல்லத் தெரியல. நெஞ்சுல வலிச்சா நெஞ்சுங்கலாம். எனக்குத் தாடையிலல்லா வலிச்சிச்சு" என்றாள். மறுநாள் பகலில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள், சாப்பிட்டவர்கள் கை கழுவப் போன இடைவெளியில் அத்தானிடம் கேட்டேன். "முள்ளப் பாத்து ஏமாறாதன்னு எனக்குச் சொன்னது நீங்கதான அத்தான்? பம்புன்னா கை வச்சுச் சூடு பாத்தீங்க, காது குடுத்துச் சத்தம் கேட்டீங்க. எங்க அக்காவுக்கு முள்ள மட்டும் பாத்தா போதும்னு விட்டுட்டீங்க. அவளுக்கும் அந்தச் சின்னக் குழாய் இருந்திச்சுல்லா?"

எனக்கு அவரிடம் வேண்டியிருந்தது ஒரே வாக்கியம். தப்புப் பண்ணிவிட்டேன் என்ற வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அன்றே அவர் தோளில் விழுந்து அழுதிருப்பேன். அவர், "அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லு மாப்ளே" என்றார்.

அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு நானும் போயிருந்தேன். வழக்கமான ஸ்லைடு படங்கள் ஓடின. நடுவில் ஒரு புதிய படம். "ஒரு பெண்மணி" என்று ஆரம்பித்தார். காய் நறுக்கும்போது வேர்வை, தாடையில் வலி, முதுகில் பாரம், அழுத்தமானி நார்மல். பிறகு குரலை இறக்கி, "முள்ளைப் பார்த்து ஏமாறாதீர்கள். இதயத்துக்கும் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. கருவியைக் கேட்காதீர்கள், அந்தப் பெண்ணைக் கேளுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்றார். அரங்கம் கைதட்டியது. செத்தது என் அக்கா, சின்னக் குழாய் வாக்கியம் என்னுடையது, கைதட்டல் அவருக்கு.

டீ வைத்திருந்த மேசையருகே அவரைப் பிடித்தேன். "அது அக்கான்னு சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சிரும்?"

"உதாரணம்னா போதும் மாப்ளே. பேரு எதுக்கு?" என்றவர், என் கையைப் பார்த்து, "சீனி போட்டதா அது?" என்றார்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் என் அக்கா 'ஒரு பெண்மணி'யாக மேடையேறினாள். அந்தப் படத்தால் உயிர் பிழைத்தவர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். லோத்குண்டாவில் இருக்கும் ஸ்டெல்லா டீச்சர். பள்ளியில் காலைப் பிரார்த்தனையின்போது அவருக்குத் தாடை வலித்து, வேர்த்திருக்கிறது. சொற்பொழிவு நினைவுக்கு வர, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். அடைத்த குழாயைத் திறந்து விட்டார்கள். பிழைத்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அத்தானுக்குக் கேக் கொண்டுவருவார். அத்தான் அதைத் தொடமாட்டார், வெண்ணெய் என்பார். டீச்சர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு அத்தான் வீட்டுப் படியேறி வரும்போதெல்லாம், இனி அந்தப் படிகளை ஏற முடியாத ஒருத்தியை நினைக்காமல் என்னால் 'வாங்க டீச்சர்' என்று சொல்ல முடிந்ததில்லை.

கடந்த மழைக்காலத்தில், நடைப்பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் அத்தான் விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. உப்பை ஒதுக்கி, எண்ணெயை ஒதுக்கி, வாழ்நாளெல்லாம் அவர் பேணி வளர்த்த இதயம் மட்டும் இம்மியும் தளரவில்லை. வேறொருவராக இருந்தால் முதல் வாரமே முடிந்திருக்கும், இவருக்கு இதயம் இளைஞனுடையதுபோல் இருக்கிறது என்று டாக்டர்கள் வியந்தார்கள். அது அவரை விடவில்லை. குழாய் வழியாகக் கஞ்சி, முதுகில் புண், சுவரையே பார்த்த முகம். எல்லாவற்றுக்கும் கீழே அந்த நல்ல பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமைதோறும் போனேன். பாசத்தால் என்று திவ்யா நினைத்தாள். நான் அந்த ஒரு வாக்கியத்துக்காகப் போனேன். கடைசியாகப் போனபோது, திவ்யா காப்பி வாங்க வெளியே போயிருந்தாள். குனிந்து சொன்னேன்: "பேச்சு வராதுன்னு தெரியும் அத்தான். தலைய மட்டும் ஆட்டுங்க. அக்கா விசயத்துல தப்பு நடந்துபோச்சுன்னு ஒரே ஒரு தடவ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலைமாட்டில் இருந்த திரையைப் பார்த்தார். அதில் அழுத்தம் பச்சை எண்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் படித்தார். அதன் பிறகு இடக்கை போர்வையின்மேல் ஊர்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்கள் நாடியைத் தேடி, கண்டுபிடித்து, அங்கேயே நின்றன. அவர் கண்ணில் நீர் வடிந்தது. பக்கவாதக்காரர்களுக்குக் காரணமில்லாமலும் வடியும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் கையை உருவிக்கொண்டேன். அது மன்னிப்புக் கேட்டதுதான் என்கிறாள் திவ்யா. நான் பழக்கம் என்கிறேன். இரண்டில் எது என்று சொல்லக்கூடியவரை நேற்று முன்தினம் எரித்துவிட்டோம்.

மயானத்தில் ஸ்டெல்லா டீச்சர் கேவிக் கேவி அழுதார். பிறகு என் பக்கம் வந்து, "எனக்கு உயிர் குடுத்தது சாரும் அந்தப் பொம்பளையும்தான் தம்பி. அது யாருன்னு எத்தனையோ தடவ கேட்டேன். பிரேயர்ல பேரச் சொல்லணும்னுகூடச் சொன்னேன். கடைசி வரைக்கும் சொல்லல" என்றார். திவ்யா பக்கத்தில் நின்றாள். அவள் அப்பாவின் சிதைக்கு முன்னால் அதைச் சொல்ல மனமில்லாமல், இங்கே எழுதுகிறேன்.

டீச்சர், அவள் பெயர் கோமதி. சங்கரலிங்கம் அவர்களின் மனைவி. என் அக்கா. ஊறுகாய் பிடிக்கும்.

போய்வாருங்கள் அத்தான். அங்கே அவள் இருந்தால், எடுத்ததும் கையைப் பிடித்து நாடி பார்க்காதீர்கள். எதிரே உட்கார்ந்து, என்ன செய்கிறது என்று கேளுங்கள். அவள் தாடை என்று சொன்னால், தாடை என்றே நம்புங்கள்.