முனிரத்தினத்தின் மகளுக்கு ஸ்காட்லாந்தில் ஓட்டு

மாவு மில் முனிரத்தினம் மெஷினைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. போன மாதம் நிறுத்தினார். என் குழம்புத்தூள் பாதி அரைந்தும் அரையாமலும் உள்ளே கிடக்க, என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சார், நீங்க பேப்பர்ல எழுதறவரு. ஒரு டவுட்டு. எம்பொண்ணு அந்த ஊர்ல ஓட்டுப் போடப் போறேன்னு சொல்லிகினு இருக்குது. போட்டா இன்னா ஆவும்?”

அவர் பெண் லாவண்யா, கிளாஸ்கோவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருத்தணியில் நமக்கு சட்டமன்றத் தேர்தல் முடிந்த கையோடு, அங்கே ஸ்காட்லாந்து பார்லிமென்டுக்குத் தேர்தல். அவள் பெயருக்கு வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? “இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்களுக்கு அங்க எப்படிங்க ஓட்டு? தப்பா அனுப்பியிருப்பாங்க” என்று அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால்... தப்பு என்னுடையது.

காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு அங்கே ஓட்டு ஏற்கெனவே உண்டாம். ஸ்காட்லாந்து பார்லிமென்ட் அதோடு நிற்கவில்லை. தேர்தல் விதிகள் தன் கைக்கு வந்ததும், சட்டப்படி அங்கே குடியிருக்கும் எந்த நாட்டுக்காரருக்கும் ஓட்டு என்று கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு!

மறுநாள் மில்லுக்குப் போய் அசடு வழிந்தபடி உண்மையைச் சொன்னேன். முனிரத்தினத்தின் முகம் தெளியவில்லை. “சட்டம் சரி சார். ரெண்டு ஊர்ல பேரு இருந்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்” என்றார்.

அவருக்கு மில் இங்கே, மாமனார் வீடு ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரி அருகே. இங்கே பட்டியல் எழுத வந்தவர்களிடம் இங்கே பெயர் கொடுத்தார். அங்கே மாமனார், “மாப்பிள்ளையும் நம்ம வீட்டு ஆளுதான்” என்று அங்கேயும் கொடுத்துவிட்டார். எல்லையோரக் குடும்பங்களில் நடக்கிற கூத்துதான். சட்டப்படி தப்பு. ஆனால் மனுஷன் ஒரு தடவைகூட இரண்டு இடத்தில் ஓட்டுப் போட்டவர் இல்லை. ஒரு வருஷம் பட்டியலைச் சரிபார்த்தார்கள். அவர் அங்கே இருக்கிறார் என்று இங்கே பெயரை அடித்தார்கள். இங்கே இருக்கிறார் என்று அங்கே அடித்தார்கள்.

“ஒரு மணி நேரம் க்யூல நின்னேன் சார். பேரு இல்லன்னுட்டாங்க. பின்னாடி நிக்கறவன்லாம் என்னையே பாக்கறான். அங்க எலெக்‌ஷன் வந்தப்போ போனேன், அங்கயும் இல்ல. செத்துப் போனவன் கணக்கா வீட்டுக்கு வந்தேன்.”

மூன்று தடவை அலைந்து பெயரைத் திரும்பச் சேர்த்திருக்கிறார். அங்கே ஓட்டுப் போட்டால் மகளின் பெயர் இங்கே எல்லாவற்றிலிருந்தும் போய்விடும், விசாவுக்கும் வேட்டு வைத்துவிடுவார்கள் என்பது அவர் பயம். ஓட்டுப் போடவே கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நான்கு நாள் அவள் போனை எடுக்கவில்லை.

அந்த நான்கு நாளும் நான் ஸ்காட்லாந்தைப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரே பொறாமை!

ராணுவம், வெளியுறவு, விசா என்று லண்டன் தன்னிடம் வைத்துக்கொண்டதற்குத்தான் அங்கே அதிகாரப் பட்டியல். பட்டியலில் இல்லாதது எல்லாம் ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்கு. நம்மிடம் நேர்மாறு. எந்தப் பட்டியலிலும் எழுதாதது டெல்லிக்குப் போய்விடும். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எடின்பரோ கையில். டாக்டர் எழுதித் தரும் மாத்திரைக்கு அங்கே காசு இல்லை, எல்லை தாண்டி இங்கிலாந்துக்குப் போனால் உண்டு. பிரிந்து போகலாமா என்றுகூட ஜனங்களிடம் ஓட்டெடுப்பு வைத்துக் கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள் அதிகம் பேர். மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். அந்த ஊர் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அங்கேயும் ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவர்கள் சர்க்காரைத் திட்டுகிறார்களாம்.

ஆனால் என்னை அசத்தியது வேறு. மேலே இருந்து வாங்கிய அதிகாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், வெளியூர் நர்ஸுக்கும் ஓட்டு என்று கொஞ்சம் கீழேயும் கொடுத்திருக்கிறார்கள். நாம் டெல்லியிடம் உரிமை கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அதே உரிமையை ஊராட்சித் தலைவர் நம்மிடம் கேட்டால்? சரி, அவ்வளவு தூரம் போவானேன்... என் வீட்டில் டிவி ரிமோட் இன்றுவரை என் கையில்தான்.

ஐந்தாம் நாள் லாவண்யாவே கூப்பிட்டாள். நானும் மில்லில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டார்.

“நைனா, என் சம்பளம், என் டியூட்டி எல்லாம் எடின்பரோல இருக்கற சர்க்காரு முடிவு பண்றது. லண்டன் இல்ல. அந்த சர்க்கார் யாருன்னு நான் சொல்லக் கூடாதா?”

“நாம அங்க பொழைக்கப் போனவங்கம்மா. நமக்கு எதுக்கு?”

“உன் பேரு இல்லன்னு சொன்ன அன்னிக்கு மூணு நாள் நீ மில்லே தொறக்கல. எனக்கு ஞாபகம் இருக்குது. இங்க அவங்களே என் பேரு போட்டு கார்டு அனுப்பியிருக்காங்க. நான் போவாம இருந்தா, என் பேர நானே அடிச்ச மாதிரி ஆவாதா நைனா?”

 முனிரத்தினம் மாவு படிந்த கையை வேட்டியில் துடைத்தார். அப்புறம், “போய்ட்டு வாம்மா. ஐடி கார்டு எடுத்துக்கோ” என்றார்.

“எடின்பரோ எலெக்‌ஷனுக்கு அது வேணாம் நைனா. லண்டன் எலெக்‌ஷனுக்குதான் போட்டோ ஐடி கேப்பாங்க. பேரும் அட்ரஸும் சொன்னாப் போதும். பென்சிலால இன்ட்டு மார்க் போடணும்.”

“பென்சிலா? எவனாவது அழிச்சிட்டா?” என்று பதறிவிட்டார்.

ஓட்டுப்பதிவு அன்று நமக்கு மத்தியானம், அவளுக்குக் காலை. நான் சாக்கு இல்லாமலேயே மில்லில் போய் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. மனிதர் ஹலோகூடச் சொல்லவில்லை.

“பேரு இருந்துதாம்மா?”

“ஆங் நைனா, இருந்துது. தொகுதிக்கு ஒண்ணு, கட்சிக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேப்பர் கொடுத்தாங்க. ரெண்டும் போட்டுட்டேன்.”

அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஐயாயிரம் மைல் தள்ளி ஒரு தேசம், நம் ஊர்ப் பெண்ணை நீயும் இந்த ஊர்தான் என்று சொல்லியிருக்கிறதே!

போனை வைத்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எந்தக் கட்சிக்குப் போட்டாளாம்? கேக்கலியா?” என்றேன்.

முனிரத்தினம் என்னை முறைத்தார்.

“அது அவ ஓட்டு சார். நமக்கு எதுக்கு?”