கானில் வைத்த கம்பி மீன்

சுவரில் எழுதுவது எளிது. எழுதியதைப் பிறர் பொருட்படுத்தும்படி செய்வதுதான் எங்கள் தொழிலின் துன்பம். சுற்றாடல் ஓவியம், சுற்றாடல் சிற்பம் என்று பெயின்ட் வாளியோடு தோட்டந்தோட்டமாக அலையும் என் இனத்தார் இதைப் படித்தால் தலையசைப்பார்கள்.

முதலில் இடத்தை அறிந்துகொள்ள வேண்டும். ஹட்டனுக்கு அப்பால் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே மழைநீர் ஓடும் கான். கான் போய்ச் சேரும் இடத்தில் பீலி என்னும் தூம்பு. அதில் விழும் நீரைத்தான் பள்ளத்து லயத்தார் குடிக்கிறார்கள். ஆகவே, மேலே எறிவது கீழே குடத்தில் விழும். அடுத்த முறை வரும்போதும் இப்படியே அழுக்காக இருந்தால் பீலியை அடைத்துவிட வேண்டியதுதான் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடைத்தால், நாள் முழுதும் கொழுந்து பறித்த பிறகு குடத்தோடு தொழிற்சாலைக் குழாய்வரை மலையேற வேண்டும். ஒருகாலத்தில் என் இலக்கண வகுப்பில் இருந்த புஷ்பம் இப்போது பள்ளத்து லயத்தில் வாழ்கிறாள். அவள்தான் என்னை அழைத்தாள்: "டீச்சர், நீங்க எழுதினா கேப்பாங்க."

இங்கே

கானோரம் இருந்த மதிலில், "இங்கே குப்பை கொட்டாதீர்கள்" என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்துகள் ஒரே உயரம், ஒற்றுப்பிழை இல்லை, மரியாதைப் பன்மையும் உண்டு. மறுவாரம் போய்ப் பார்த்தபோது மதிலடி துடைத்துவைத்தாற்போல் இருந்தது. மகிழ்ச்சியோடு மதிலைக் கடந்தேன். அதற்கு அப்பால், அதே கானில், குப்பை மலையாகக் குவிந்திருந்தது.

சின்னையா அப்போதுதான் ஒரு பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தேயிலைக்கு மருந்து அடிப்பவர். மேட்டு லயத்தின் வாய் அவர்தான். நான் மதிலைச் சுட்டிக்காட்டினேன். அவர் அதை மெதுவாக வாசித்தார். பிறகு என்னைப் பரிவோடு பார்த்தார்.

"‘இங்க’ன்னுதானே எழுதியிருக்கீங்க டீச்சர்? நாங்க ‘அங்க’தானே கொட்டுறோம்!"

சிறுத்தை

சொல்லைக் கைவிட்டுச் சிற்பத்துக்குத் தாவினேன். குப்பைக்கு நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். இதை உணர்த்த ஒரு சிறுத்தை செய்வதென்று முடிவாயிற்று. கினிகத்தேனையில் கடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் பெயின்ட் அடிக்கும் நிமல் என் கூட்டாளி. செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் கழித்த மலையிலிருந்து தேயிலைக் குச்சிகளைப் பொறுக்கி வந்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் பாதையின் திருப்பத்தில் ஒரு சிறுத்தையைக் கட்டி நிறுத்தினார். மீசைகூட இருந்தது. அதன் முன் நின்று நானே ஒரு கணம் பயந்தேன்.

திங்கட்கிழமை சிறுத்தை இல்லை. கவ்வாத்துக் குச்சிக்குத் தோட்டத்தில் மிலாறு என்று பெயர். மிலாறு என்றால் விறகு. இந்தச் சமன்பாட்டை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். மேட்டு லயத்தின் முதல் காம்பரா வீட்டிலிருந்த பெண்மணி எதையும் மறைக்கவில்லை. எனக்குத் தேநீரும் தந்தார்.

"நல்லா நின்னு எரிஞ்சதுங்க டீச்சர். வால் மட்டும் கொஞ்சம் ஈரம்."

பொட்டு

மறுபடியும் மதில். எனக்குக் கழுத்துவலி, ஆகவே தாளில் எழுதிக் கொடுத்து நிமலை எழுதச் சொன்னேன். சிங்களவரான அவருக்குத் தமிழ் பேச வரும்; வாசிக்க வராது. எழுத்துகளைப் படமாகவே பார்த்து வரைவார். "கானைக் காப்போம்" என்று கொடுத்திருந்தேன். அவர் கொம்பையும் காலையும் பிசகாமல் வரைந்து, ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் தவறாமல் ஒரு புள்ளி வைத்திருந்தார். புள்ளி வைத்தால் எழுத்துக்கு உயிர் போய்விடும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது. அந்த வரியை வாசிக்க முயன்ற புஷ்பம் தும்முவதுபோல் ஓர் ஓசை எழுப்பிவிட்டு, சிரிப்பை அடக்கக் கூடையில் முகம் புதைத்தாள்.

நான் நிமலிடம் விளக்கம் கேட்டேன். கலைஞருக்குக் கலைஞரின் நியாயம் இருந்தது.

"ரெண்டு மூணுக்கு மட்டும் பொட்டு வச்சா மத்தது எல்லாம் கோவிக்கும்தானே டீச்சர்?"

மீனின் வயிறு

பரிசோதகர் மறுபடி வரும் காலம் நெருங்கியது. புஷ்பம் இப்போது சிரிக்கவில்லை. "அடைச்சிட்டா புள்ளைகள விட்டுட்டு இருட்டுக்குள்ள எப்படிங்க டீச்சர் மேல போறது?" என்றாள். நிமல்தான், "எழுத்து வேணாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கோழிவலை வாங்கி வந்தார். கானுக்குக் குறுக்கே, வாயைப் பிளந்துகொண்டு, ஆள் நீளத்தில் ஒரு கம்பி மீன் படுத்தது. தண்ணீர் வாய்வழி புகுந்து வால்வழி போகும்; குப்பை வயிற்றில் தங்கும். வயிறோ வலை; பாதையில் போகிற எல்லாருக்கும் உள்ளே இருப்பது தெரியும்.

இரவெல்லாம் மழை. காலையில் பெரட்டுக்குப் போனவர்கள் மீனைச் சுற்றி நின்றார்கள். முதலில் ஒரு பொம்மையின் தலை அடையாளம் காணப்பட்டது. அதன் சொந்தக்காரி விலகி நடந்தாள். அடுத்து ஒரு கோழியின் இறகுகள். முதல் நாள் யார் வீட்டில் கறி மணத்தது என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியாக, வயிற்றின் நட்டநடுவில், சிவப்பு டியூப் ஒட்டிய ஒற்றைக்கால் ரப்பர் பூட்ஸ். அந்த ஒட்டு தோட்டத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. சின்னையா ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்தார். பள்ளத்து லயத்துப் பக்கமிருந்து புஷ்பத்தின் குரல் கணீரென்று எழுந்தது.

"என்னாண்ணே, மீனு ஒங்க காலைக் கடிச்சிருச்சாமே!"

பின்னர் உறுதியானவற்றைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதகர் வந்தார், குனிந்து பார்த்தார், பீலியை அடைக்கவில்லை. புஷ்பம் இன்னும் அங்கேதான் குடம் வைக்கிறாள். மேட்டு லயத்தார் மக்குவதற்கு ஒரு குழி வெட்டி, மக்காததற்கு உரப்பை கட்டியிருக்கிறார்கள். அதையும் மீறி வருவதை ஞாயிற்றுக்கிழமைகளில் மீனின் வயிற்றிலிருந்து அள்ளுபவர் சின்னையா. அந்த பூட்ஸைக் கழுவி மறுபடி ஒட்டிப் போட்டிருக்கிறார். மதிலில் என் ‘இங்கே’ இருந்த இடத்தில் நிமல் ஒரு மீன்கொத்தி வரைந்துவிட்டார். அதற்குப் பொட்டு இல்லை.

ஏவல் வினையைக் கற்பித்தே ஓய்வுபெற்ற நான் அறிந்தவரை, அந்த இரண்டு லயங்களும் கீழ்ப்படிந்த ஒரே வாக்கியம் எழுவாயும் பயனிலையும் இல்லாத அந்த மீன்தான்.